காசநோய்க்கான உடல் நீர்மப் பரிசோதனை

காசநோய்க்கான உடல் நீர்மப் பரிசோதனை என்பது நோயாளியின் சளி, நுரையீரல் உறை நீர், மூளைத் தண்டுவட நீர் முதலியவற்றில் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் பாக்டீரியா உள்ளதா என ஆய்வகத்தில் கண்டறியும் முறையாகும். இப்பாக்டீரியாவைக் கண்டறிந்ததை இராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார்.

சாயமேற்றல்

இதன் செல்சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு மிகுந்துள்ளதால் சாதாரணச் சாயங்கள் எளிதில் ஏறுவதில்லை. சீல்-நீல்சன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய சளியின் மீது கார்பால் ஃபக்சின் எனும் சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கப்படுகிறது. பின்னர் அமிலத்தால் கழுவும்போது மற்ற செல்கள் நிறமிழக்கின்றன. இவ்வகைப் பாக்டீரியா நிறமிழப்பதில்லை. மெத்திலீன் நீலம் இட்டபின், நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகளாக இவை நுண்ணோக்கியில் தெரியும்.

வரம்புகள்

ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 பாக்டீரியாக்கள் இருந்தால்தான் இம்முறையில் தென்படும். எனவே எதிர்மறை முடிவு நோயின்மைக்குச் சான்றாகாது. குழந்தைகள், எச்.ஐ.வி தொற்றுடையோர் ஆகியோரின் சளியில் இவை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மூளை உறைக் காசநோயில் தண்டுவட நீரிலும் இவை மிகக் குறைவு. சிகிச்சை தாமதித்தால் உயிரிழப்பு நேரலாம். ஆதலால், அந்நீரில் புரதமும் லிம்போசைட்டுகளும் மிகுந்து, குளுக்கோசு குறைந்திருப்பதையும் நோயின் அறிகுறிகளையும் கொண்டே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு.

பிற முறைகள்

வளர்ப்பு முறை குறைவான பாக்டீரியாக்களையும் காட்டும். ஆனால் இவை மிக மெதுவாகப் பெருகுவதால், திட ஊடகத்தில் முடிவு தெரிய 8 வாரங்கள் வரை ஆகலாம். 2010 இல் உலக சுகாதார அமைப்பு ஏற்பளித்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, பாக்டீரியாவின் டி.என்.ஏ-வைப் பெருக்கி, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் நோயையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கான எதிர்ப்பையும் கண்டறிகிறது. எனினும் இறந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ-வையும் இது காட்டக்கூடும். எனவே சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய நுண்ணோக்கிச் சோதனையும் வளர்ப்பு முறையுமே பயன்படுகின்றன.