ஒரு கால் மட்டும் வீங்கினால்...

நம் சங்க அன்பர்களில் ஐம்பதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் முதலில் ஊர்ச் செய்தி, அடுத்தது கால் வலி. "திடீர்னு வீங்கிப் போச்சு சார், என்ன பண்றது?" என்று என்னையும் கேட்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இரும்போடு பழகி ஓய்வு பெற்றவன். எப்போது காத்திருக்கலாம், எப்போது உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். மருந்து சொல்வது என் வேலை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வண்டி வந்து நின்றதும் டி.எக்ஸ்.ஆர். ஆட்கள் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அது 'ஹாட் ஆக்சில்'. அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரமாக விட்டுவிடுவார்கள். காலுக்கும் அதே பரீட்சைதான். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் புறங்கையால் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். சூடு, நிறம், பருமன் மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் வேறா?

இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் பாதத்தில் இருக்காது. நாள் முழுக்க நின்றது, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரை, அல்லது இருதயம், சிறுநீரகம், ஈரல். ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால் அன்றே போக வேண்டும்.

ஒரு கால் மட்டும் என்றால் கதை வேறு. ராத்திரி நன்றாகத் தூங்கப் போனவர், விடிவதற்குள் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து பளபளவென்று வீங்கி, போர்வை நுனி பட்டாலும் அலறுகிறார் என்றால் அது 'கௌட்' ஆக இருக்கலாம். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாவதால் வருவது. இதில் ஒரு விநோதம்: வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை செய்தால் யூரிக் அமிலம் சரியாகவே இருக்கலாம். அடங்கி இரண்டு வாரம் போனபின் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இங்கே டில்லியில் யூரிக் அமிலம் என்றதும் அண்டை வீட்டார் "தால் பந்த் கரோ" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சாம்பாரையே கைவிட்ட குடும்பங்கள் உண்டு! 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் கூடுதலாக வந்தது. பருப்பு, கீரை, காளான் போன்றவற்றால் கூடவில்லை. பீருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் கௌட் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கெண்டைக்கால் வீக்கம். டில்லியிலிருந்து சென்னைக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ரயில் பயணம். காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்தே போனால் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடக்கூடும். ஆபரேஷன் ஆனவர்கள், பல நாள் படுக்கையில் இருந்தவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். என் பழைய சகா ஒருவர் முழங்கால் ஆபரேஷன் ஆன சில வாரங்களில் பேரன் பூணூலுக்கு ஊர் போய்த் திரும்பினார். வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் கனத்து வீங்கியது. 'மோச்', சுளுக்குதான் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, மாலிஷ்காரருக்கு ஆள் அனுப்பியாயிற்று. நர்ஸிங் படித்த மருமகள் மட்டும், "மாமா, யாரையும் கை வைக்க விடாதீங்கோ" என்று வழிமறித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை ரத்தக் கட்டி. உருவிவிட்டிருந்தால் அது பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கக்கூடும். பல மாதம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது தினமும் காய்கறிச் சந்தைக்கு நடக்கிறார். கால் வீக்கத்தோடு திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமினால் ரத்தம் என்றால் 112-க்குப் போன் செய்யுங்கள். அக்கம்பக்கத்து யோசனைக்கு அப்போது நேரமில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நரம்பு மரத்துப்போன பாதம் வலியைச் சரியாகச் சொல்லாது. பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். ஆனால் அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். ஷார்க்கோ என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயரால் வழங்கும் நோய் இது. உள்ளே எலும்புகள் நொறுங்க ஆரம்பித்திருக்கலாம். ஆரம்ப எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அந்தக் காலோடு நடப்பது, ஹாட் ஆக்சிலோடு வண்டியை ஓட்டுவதற்குச் சமம். பாரத்தை எடுத்துவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். விரலிடுக்குப் புண்ணோ வெடிப்போ இருந்து, சிவப்பு மேலே ஏறினாலும் அப்படியே.

கால் பிசகினால்? 4 அடி வைக்க முடியவில்லை அல்லது கணுக்கால் எலும்பையே தொட்டால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுங்கள். பாதம் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் ரத்தம் வருகிற வழி அடைபட்டிருக்கலாம். அது சில மணி நேர விவகாரம், காலே போய்விடும்.

கடைசியாக, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை இங்குள்ள டாக்டரிடம் அழைத்துப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மா குடைச்சல், எரிச்சல், மதமதப்பு என்று வகை வகையாகச் சொல்கிறாள். பிள்ளையோ எல்லாவற்றையும் "தர்த் ஹை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறான். எரிச்சல் 'ஜலன்', மரத்துப்போவது 'சுன்ன்', எறும்பு ஊர்வது போலிருந்தால் 'ஜுன்ஜுனி', வீக்கம் 'சூஜன்'. வலிக்கிறது என்பதும் மரத்துப்போச்சு என்பதும் டாக்டருக்கு வேறு வேறு நோய்கள். அவள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டர் இரண்டு கால்களையும் முழங்கால் வரை சேர்த்துப் பார்க்க வேண்டும். புடவையைத் தூக்கிக் காட்ட அம்மா கூச்சப்படுவாள், வீட்டுப் பெண்கள் யாராவது கூடப் போவது நல்லது.