தோள்வலியோடு ஷட்டில்: மாத்திரை போட்டு ஆடுவது வைத்தியமல்ல

ஷட்டில், டென்னிஸ் ஆடுவோருக்கு வரும் தோள்வலிக்குப் பெரும்பாலும் காரணம், மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள். தலைக்கு மேல் கையை வீசி ஸ்மாஷ் அடிக்கும்போது மேற்கை எலும்பைக் குழியில் பிடித்து நிறுத்துபவை இவையே. வாரமெல்லாம் நாற்காலியில் இருந்துவிட்டு, ஞாயிறு காலை வார்ம்-அப் இல்லாமல் கோர்ட்டில் இறங்கினால் இவை நைந்துபோகும். நாற்பதைத் தாண்டினால் கிழியவும் கூடும்.

வலித்ததும் பலர் செய்வது, மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஆடுவது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அது. கடைக்காரரும் பார்ப்பதில்லை, கண்காணிக்க வேண்டியவர்களும் பார்ப்பதில்லை. மாத்திரை வலியை மறைக்கும், கிழிந்த நாணை ஒட்டவைக்காது. நாள்பட்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடலாம்.

விழுந்தபின் கையைத் தூக்க முடியாவிட்டாலோ, கை மரத்துப்போனாலோ மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கக் கூடாது. மூட்டு விலகினால் யாரையும் இழுத்துவிடச் சொல்லக் கூடாது, நரம்பு அறுபடலாம். தோள்வலியோடு நெஞ்சிறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108.

மற்றவர்கள் போக வேண்டிய இடம், மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. தேவையென்றால் மருத்துவரே ஸ்கேன் எழுதுவார். பிசியோதெரபிக்குச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பயிற்சி பல வாரம் பிடிக்கும். வலி குறைந்ததும் பாதியில் நிறுத்துவோரே மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.

தனியார் மருத்துவமனையில் ஊசியோ அறுவை சிகிச்சையோ நடந்தால், சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்காமல் திரும்பக் கூடாது. வாய்ச்சொல் எங்கும் செல்லாது. தர மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கவனக்குறைவான சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ரசீதும் ஆவணமும் இல்லாத வழக்கு நிற்காது.

கை வலியின்றி முழுதாக மேலே போன பிறகே ராக்கெட்டைத் தொட வேண்டும். முதலில் நெட் ஆட்டம், ஸ்மாஷ் கடைசியில். மீண்டும் வலித்தால் நிறுத்த வேண்டியது ஆட்டத்தை. மாத்திரை போட்டு ஆட்டத்தைத் தொடரக் கூடாது.