என் டீசல் வானும் மகனின் இன்ஹேலரும்

2023 ஆகஸ்ட் 29ஆம் திகதி. லண்டன் முழுவதும் யூலெஸ் நடைமுறைக்கு வந்த நாள். அன்று விடியற்காலை நான்கு மணிக்கு மரக்கறிச் சந்தைக்குப் போவதற்காக என் டீசல் வானை எடுத்தபோதே தலையில் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ். கிழமைக்கு ஆறு நாள் ஓடினால் 75 பவுண். வருசத்துக்கு 3,900 பவுண். ரூட்டிங்கிலும் குரோய்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டுப் பிழைக்கிற எனக்கு அது சின்னக் காசு இல்லை.

அன்று போன கடையெல்லாம் இதே கதைதான். "பகல் கொள்ளை அண்ணை" என்றார் ஒருவர். "வெள்ளைக்காரன் புதுக்கார் வாங்குவான், நாங்கள் எங்க போறது?" என்றார் இன்னொருவர். நானும் சேர்ந்து திட்டினேன். எதிர்ப்பு மனுவில் கையெழுத்தும் வைத்தேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

இரவு வீட்டிலும் அதே புலம்பலைத் தொடர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, வானுக்கு எவ்வளவு காசு எண்டு வடிவா கணக்குப் பாத்திட்டீங்கள். தம்பி போன வருசம் எத்தனை தரம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் எண்டு கணக்குப் பாத்தனீங்களோ?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்து இழுப்பு. நீல நிற இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகமாட்டான். நாங்கள் இருப்பது ஒரு பிரதான வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், கடைக்கு மேல் உள்ள பிளாட்டில். மருத்துவர்கள் தூசு பற்றிக் கேட்டார்கள், பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள், வீட்டில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். வாசலில் ஓடும் வீதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்றிரவு மகள் தன் தொலைபேசியில் லண்டன் வரைபடம் ஒன்றைக் காட்டினாள். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு வீதியில், மின்கம்பத்தில் பூட்டியிருக்கும் சின்னக் கருவி. அந்த வீதியின் காற்று எப்படி இருக்கிறது என்று மணிக்கு மணி சொல்கிறது. 'பிறீத் லண்டன்' என்பது அதன் பெயர். நடத்துபவர்கள் இம்பீரியல் கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆய்வுக் குழுவினர்.

அதற்குப் பிறகுதான் இந்தக் குழுவைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். இவர்களின் ஆய்வுகளில் எங்கள் பிள்ளைகளின் கதை இருக்கிறது. ஆனால் அது எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை. லண்டன் காற்றை அளக்கும் வலையமைப்பு 1993 முதல் இயங்குகிறது. நீண்ட காலம் கிங்ஸ் கல்லூரியில் இருந்த குழு, 2020இல் பேராசிரியர் பிராங்க் கெலியின் தலைமையில் இம்பீரியலுக்கு மாறியது. இப்போது வைற் சிற்றியில் இருக்கிறார்கள். அவர்கள் முக்கியமாக இரண்டு பொருட்களை அளக்கிறார்கள். ஒன்று நைதரசன் டைஒக்சைட், பெரும்பாலும் டீசல் புகையில் இருந்து வரும் வாயு. மற்றது பி.எம். 2.5 என்னும் நுண்துகள். தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்து நிறுத்தமாட்டா. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். 2019ஆம் ஆண்டில் மட்டும் லண்டனில் 3,600 முதல் 4,100 வரையான இறப்புகளில் காற்று மாசுக்குப் பங்கு இருக்கிறது என்று இந்தக் குழு கணக்கிட்டுச் சொன்னது.

பிள்ளைகள் பற்றிய ஆய்வுதான் என்னை அதிகம் உலுக்கியது. குவீன் மேரி, கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கிழக்கு லண்டன் பக்கத்தில் 28 ஆரம்பப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஐந்து ஆண்டுகளாகப் பரிசோதித்தார்கள். டவர் ஹம்லற்ஸ், ஹக்னி, கிறீனிச் எல்லாம் அதில் அடக்கம். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இவை பக்கத்து ஊர்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. மாசு கூடிய இடங்களில் வளரும் பிள்ளைகளின் நுரையீரல் கொள்ளளவு சுமார் 5 வீதம் குறைந்திருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் லொறிகளுக்கான பழைய கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. காற்றில் கொஞ்சம் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் பிள்ளைகளின் நுரையீரலில் முன்னேற்றம் இல்லை. நுரையீரல் வளர்கிற வயது திரும்பி வராது. இருபது வயதில் ஜிம்முக்குப் போய் அதை ஈடுகட்ட முடியாது.

இனி எல்லா என்ற சிறுமியின் கதை. பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா, லூயிஷம் பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளை. சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிக அருகில் வீடு. கடுமையான ஆஸ்துமா. மூன்று வருசத்துக்குள் இருபத்தைந்து தடவைக்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். 2013 பெப்ரவரியில் இறந்துபோனாள். முதல் மரண விசாரணையில் காற்று மாசு என்ற பேச்சே இல்லை. தாயார் றோசமண்ட் விடவில்லை. சவுத்தாம்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவன் ஹொல்கேற், எல்லாவின் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில் கேற்ஃபோர்ட்டில் இருந்த அளவீட்டு நிலையத்தின் பதிவுகளையும், அவள் ஆஸ்பத்திரிக்குப் போன திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய அறிக்கையின் பலத்தில் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, அந்த இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் மரணச் சான்றிதழில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

லூயிஷம் சிவன் கோயிலுக்கு நாங்கள் போவதும் அதே சவுத் சேர்க்குலர் வழியாகத்தான். வெள்ளிக்கிழமை நெரிசலில், பின் இருக்கையில் மகன் இருக்க, டீசல் வானை உறுமவிட்டுக்கொண்டு எத்தனை தரம் கேற்ஃபோர்ட்டைக் கடந்திருப்பேன்! அந்த அளவீட்டுப் பெட்டி அங்கே பதிந்த புகையில் என்னுடையதும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மாசு பற்றியும், அது ஆஸ்துமாவைக் கூட்டக்கூடும் என்பது பற்றியும் தாயாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார், பிள்ளை பிழைத்திருக்கவும் கூடும் என்று பார்லோ குறிப்பிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசுகிற, படித்த தாய்க்கே அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. எங்கள் மாமிமாருக்கும் அம்மம்மாமாருக்கும் யார் சொல்லப் போகிறார்கள்?

தெரிந்தால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். 2019இல் கிங்ஸ் கல்லூரிக் குழு ஐந்து பள்ளிகளில் 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் காற்றை அளக்கும் கருவி பொருத்திய முதுகுப் பைகளைக் கொடுத்தது. ஒரு கிழமை அந்தப் பையோடு பள்ளிக்குப் போய் வந்தார்கள். பள்ளிக்குள் இருக்கும்போதைவிடப் போகும் வரும் வழியில்தான் பிள்ளைகள் கூடிய மாசைச் சுவாசித்தார்கள். பிரதான வீதியை விட்டுப் பின் வீதிகளால் நடந்தவர்களுக்கு அது குறைந்தது. இதற்குக் காசு தேவையில்லை. இப்போது என் மனுசி மகனைப் பின் வீதிகளால்தான் கூட்டிப் போகிறாள். நாலு நிமிசம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

இனி யூலெஸ் பற்றிய சண்டைக்கு வருகிறேன். 2016இல் இருந்த வேகத்தில் போனால், லண்டன் நைதரசன் டைஒக்சைட்டின் சட்ட எல்லைக்குள் வர 193 ஆண்டுகள் ஆகும் என்று கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2024இல் நகரம் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அதை எல்லாம் யூலெஸ் மட்டும் செய்ததா? இல்லை. பஸ்கள் மாறின, டாக்சிகள் மாறின, புது வாகனங்கள் வந்தன. இம்பீரியலிலேயே போக்குவரத்து ஆய்வாளர்கள் வேறொரு குழுவாக 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2019இல் நகர மையத்தில் யூலெஸ் தொடங்கிய நேரத்து நேரடி விளைவு சிறியதுதான், நைதரசன் டைஒக்சைட் 3 வீதத்துக்கும் குறைவாகவே இறங்கியது, இந்த ஒரு திட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றார்கள். ஆட்சியில் இருப்பவருக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே கல்லூரியின் ஆட்கள் சொல்கிறார்கள் என்பதால்தான் எனக்கு அவர்களின் கணக்கில் நம்பிக்கை வந்தது.

சட்ட எல்லை என்பதும் கடைசி இலக்கு இல்லை. ஒரு கன மீற்றரில் 40 மைக்ரோகிராம் என்பது இங்கத்தைய சட்டம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 10. மின்சாரக் காரிலும் டயர் தேயும், பிரேக் தேயும், துகள் வரும்.

எங்கள் ஆட்களின் கோபம் முழுக்கப் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். பழைய வாகனம் வைத்திருப்பவர் யார்? காசில்லாதவர். எனக்குத் தெரிந்த ஒருவர், அறுபது வயது, வானை மாற்ற வழியில்லாமல் சந்தை வியாபாரத்தையே விட்டுவிட்டார். நான் நகர நிர்வாகம் கொடுத்த உதவிப் பணத்தோடு பழைய வானைக் கழித்துவிட்டு, கடனுக்கு வேறொன்று எடுத்தேன். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் பிரதான வீதியோரம், கடைக்கு மேல் பிளாட்டில் இருப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். அவரும் காசில்லாதவர்தான். புகை விடுகிறவனும் புகை குடிக்கிறவனும் பல நேரம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

வெளிக்காற்றை மட்டும் குறை சொல்லிவிட்டுக் குசினியை மறக்கக் கூடாது. இம்பீரியல் குழு மேற்கு லண்டனில் 'வெல்ஹோம்' என்ற ஆய்வில் வீடுகளுக்குள் கருவி வைத்து, பிள்ளைகளின் ஆஸ்துமாவுக்கும் வீட்டுக் காற்றுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தது. பல இனத்தவர் வாழும் பகுதி அது. அதைப் படித்துவிட்டு மகள் ஒரு சின்ன அளவுக் கருவி வாங்கி வந்தாள். மாமி தாச்சியில் செத்தல் மிளகாயும் கடுகும் போட்டுத் தாளித்த நேரம் அது மூன்று இலக்கத்துக்கு ஏறியது. சாம்பிராணி போட்டபோதும் அதே கதை. "அப்ப இனி நான் அவிச்சுத்தான் தின்ன வேணுமோ?" என்று மாமிக்குக் கோபம். வேண்டாம் மாமி, யன்னலைத் திறவுங்கோ, புகை உறிஞ்சியைப் போடுங்கோ, தாளிக்கிற நேரம் பிள்ளையை மற்ற அறைக்கு அனுப்புங்கோ என்றோம். காஸ் அடுப்பிலிருந்தும் நைதரசன் டைஒக்சைட் வரும் என்பதைச் சொல்ல, அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணி வைக்கவும் யன்னலைத் திறக்கிறார். குளிர்காலத்தில் கொஞ்சம் கஷ்டம்தான்.

மகனுக்கு இப்போது இழுப்புக் குறைவு. அவன் வளர்ந்ததும் காரணமாக இருக்கலாம், ஒழுங்காக மருந்து எடுப்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு பிள்ளையை வைத்து ஒரு நகரத்தை அளக்க முடியாது. அதற்குத்தான் இரண்டாயிரம் பிள்ளைகளை ஐந்து வருசம் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு கவலை இருக்கிறது. பிறீத் லண்டன் திட்டத்தில் சமூக அமைப்புகளுக்கு விண்ணப்பத்தின் பேரில் கருவிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். எங்கள் கோயில் சபையில் நான் கேட்டபோது அப்படியொன்று இருந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. ஊருக்குத் தேர் செய்யக் காசு சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் பிள்ளைகள் குடிக்கும் காற்றைப் பற்றி ஒரு படிவம் நிரப்பத் தெரியவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலையே எடுங்கள். காலை ஒன்பது மணிக்கு இருபது கார் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும். பிள்ளைகள் அந்தப் புகைக்குள்ளால்தான் அ, ஆ படிக்கப் போகிறார்கள். நின்ற இடத்தில் வீணாக எஞ்சினை ஓடவிடுவது இந்த நாட்டில் குற்றம், நிறுத்தச் சொல்லியும் கேட்காவிட்டால் 20 பவுண் தண்டம் போட இடமுண்டு. சென்ற மாரியில் ஒரு காரின் கண்ணாடியைத் தட்டினேன். "தம்பி, குளிர்தானே, ஹீற்றர் போட்டிருக்கிறன்" என்றார் உள்ளே இருந்த பெரியவர். "அண்ணை, என்ட பிள்ளைக்கு முட்டு வருத்தம். உங்கட பேரப்பிள்ளையும் இதாலதான் நடந்து போகுது" என்றேன். ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு திறப்பைத் திருப்பி நிறுத்தினார்.

பெற்றோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு விசயம் கேட்கப் போகிறேன். வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'எஞ்சினை நிறுத்துங்கள்' என்று ஒரு பலகை. அந்த வீதியில் காற்றை அளக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம். உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.