உணர்வுக்குச் சொல் தேடுவோர்

தன் உள்ளத்தைத் தானே அறிவது எவர்க்கும் எளிது என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் நெஞ்சு படபடக்கும்போது அது அச்சமோ, சினமோ, வெறும் பசியோ என்று பிரித்தறிய இயலாதவர் நம்மிடையே உளர். பாஸ்டன் நகரின் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் இந்நிலைக்கு 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். 'உணர்வுக்குச் சொல் இல்லாமை' என்பது இக்கிரேக்கச் சொல்லாக்கத்தின் பொருள்.

இது தனி நோயன்று. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையோர் எல்லோரிடத்தும் காணப்படுவதுமன்று. எனினும், முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2019இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது உண்டு; ஏனையோரில் இருபதில் ஒருவருக்கே உண்டு. இவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்று கருதுவது பெருந்தவறு. உணர்ச்சி உண்டு, அதனை இனங்காணும் வழியே தடைப்பட்டிருக்கிறது.

இத்துடன் மொழிச் சிக்கலும் சேர்ந்தால் என்னாகும்? நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலை முதலிய எல்லையூர்களை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். மருத்துவமனையில் பெரும்பாலும் மலையாளம். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம், தமிழிலோ குறும்பு. 'சங்கடம்' அங்கே துயரம், இங்கே தர்மசங்கடம். சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்ளும் ஒரு சிறுவனிடம் மருத்துவர் "விஷமம் உண்டோ?" என்று வினவுவதாகக் கொள்வோம். தான் குறும்பு செய்யவில்லை என்று அவன் "இல்லை" என்பான். துயரமும் இல்லையென்றே ஏட்டில் பதிவாகிவிடும்.

ஆகவே, "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதினும், "இரவு எத்தனை மணிக்கு உறங்கினாய்? வயிறு வலிக்கிறதா? எங்கே சென்று வந்தபின் வலித்தது?" என்று கேட்பதே பயன் தரும். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுக் காட்டச் செய்யலாம். வண்ணத்தால் குறிக்கச் செய்யலாம். நாள்தோறும் இரயில் வண்டிகளின் எண்களை ஆவலுடன் குறித்துவந்த இளைஞர் ஒருவர் திடீரென அதனைக் கைவிட்டால், அவர் வாய் "ஒன்றுமில்லை" என்றாலும் வீட்டார் அசட்டையாக இருத்தலாகாது. மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் பெரும்பாலும் உடல்வழியாகவும் பழக்கமாற்றத்தின் வழியாகவுமே வெளிப்படும். அறியாது விட்டால் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாட நேரும்.

பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். மருத்துவரிடம் செல்லுமுன், உறக்கம், உணவு, பழக்கம் ஆகியவற்றில் கண்ட மாற்றங்களை நாள்வாரியாகத் தமிழில் எழுதிவைத்து, பின்னர் அவ்விடத்து மொழியில் விளக்குவது நலம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சொல் வாராத இடத்திலும் துயர் இருக்கக்கூடும். அதனைக் கண்டுகொள்ளும் பொறுப்பு உடனிருக்கும் நம்மையே சாரும்.