அங்கே கடிகாரம் மாறினால் இங்கே தூக்கம் போகிறது

மார்ச் பாதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் திருவண்ணாமலையில் என் கிளினிக்குக்கு ஒரே மாதிரி நோயாளிகள் வருகிறார்கள். வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனங்களுக்கு இரவு வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள். தலைவலி, நெஞ்செரிச்சல், படபடப்பு, தொட்டதற்கெல்லாம் கோபம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கிவிட்டு, அதுவும் கேட்காத பிறகுதான் என்னைத் தேடி வருகிறார்கள்.

ஒரு மணி நேரம்தானே?

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நம் கடிகாரம் அசைவதில்லை, நம் பிள்ளைகளின் வேலைநேரம் அசைகிறது. நியூயார்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் வேலை, குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30 மணி, மார்ச்சுக்குப் பிறகு மாலை 6.30. வேலைக்கு முன் போடும் குட்டித் தூக்கம் அதோடு போகிறது. நவம்பரில் வேலை முடியும் நேரம் இன்னும் விடியலை நெருங்குகிறது. தீபத் திருவிழாவும் அதையொட்டியே வருவதால், ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவே பகல் தூக்கமும் கிடைப்பதில்லை.

இது அற்ப விஷயம் இல்லை. கடிகாரத்தை முன்னே தள்ளிய வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதை 2008-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் அதே வாரத்தில் உயிர்பறிக்கும் சாலை விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. இந்த மாற்றத்தையே கைவிடச் சொல்லி அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பும் அதே ஆண்டில் அறிவித்தது. 2021 முதல் நிறுத்தலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இலேயே வாக்களித்தும் முள் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு மருத்துவனாக இந்தக் கடிகார மாற்றத்தை நான் ஏற்க மாட்டேன்.

"நாமும் கடிகாரத்தை மாற்றினால் கரண்ட் மிச்சமாகுமே?"

படித்தவர்களும் கேட்கிறார்கள். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். திருவண்ணாமலையில் அது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இதில் எதை மிச்சம் பிடிப்பது? இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். போர் முடிந்ததும் விட்டுவிட்டார்கள். மின்தட்டுப்பாட்டால் 1996-இல் நேரத்தை மாற்றிய இலங்கையும் 2006-இல் பழைய நேரத்துக்கே திரும்பியது.

தயவுசெய்து இவற்றை நிறுத்துங்கள்

ஜாதிக்காய்ப் பால். சமையலில் ஒரு சிட்டிகை சேர்ந்தால் பரவாயில்லை. தூக்கம் வரவில்லை என்று முழுக்காயை உரைத்துக் குடித்தால் வாந்தி, படபடப்பு, பிதற்றல் வரை போகும்.

சளி, அலர்ஜி மாத்திரை. அது தருவது மயக்கம். மறுநாளும் தெளியாத அந்தத் தலையோடு பைக் ஓட்டுகிறீர்கள்.

அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பழகிவிட்டால் விடாது, சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. அவருக்கு எழுதியது உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்பது. வரும், பாதியில் கலையும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

ஞாயிறு முழுக்கத் தூங்கிச் சரிக்கட்டுவது. திங்கள் இரவு உடம்புக்கு இன்னும் குழப்பம்தான் மிஞ்சும்.

பௌர்ணமிக்கு விழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நடங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் ஒரு வாரத் தூக்கக் கடனோடு இரவெல்லாம் நடந்துவிட்டு, விடியற்காலையில் வேலூர் சாலையிலோ செங்கம் சாலையிலோ காரை எடுக்காதீர்கள். படுத்தெழுந்து போங்கள்.

பரிசோதனை

ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். குறட்டை பலமாக இருந்தால் உறக்கப் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

தேதி முன்பே தெரிந்ததுதானே? ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் 10 நிமிடம் தூக்கத்தை நகர்த்துங்கள். வேலையின் பின்பாதியில் டீ, காபி வேண்டாம். படுக்கும் அறையில் கனத்த திரை போடுங்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கள், உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம்தான். பெற்றோரே, காலை பத்து மணிக்கு ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி உங்கள் பிள்ளையை எழுப்பாதீர்கள். பிள்ளைக்கு அது நடுராத்திரி. மேலாளர்களே, அங்கே நேரம் மாறும் வாரத்தில் முதல் மூன்று நாளாவது இவர்களைப் பழைய நேரத்திலேயே வேலையைத் தொடங்க விடுங்கள்.