உங்களுக்குத் தெரியுமா? கள்ள மீனுக்குக் கரையில்தான் பூட்டு

கம்போங் மேடான் மீன்கடையில் கெம்போங் மீன் கிலோ எத்தனை வெள்ளி என்று கேட்கிறோம். பிடித்த கப்பல் எது என்று கேட்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் கள்ளத்தனமாகப் பிடிக்கப்படும் மீன் 1.1 கோடி டன்னிலிருந்து 2.6 கோடி டன் வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நடுக்கடலில் கப்பல் எவ்வளவு நாள் ஒளிந்தாலும், பிடித்த மீன் விற்பனைக்காகக் கரைக்கு வந்தே ஆக வேண்டும். கடல் முழுக்க ரோந்து சுற்றுவதைவிடத் துறைமுக வாசலில் மறிப்பது செலவு குறைவு. இதற்கான உலக ஒப்பந்தத்தை ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2009இல் ஏற்றது. 2016 ஜூன் 5 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கள்ள மீன் என்று தெரிந்தால் நுழைவு இல்லை. உள்ளே வந்துவிட்டாலும் மீன் இறக்கவோ எண்ணெய் நிரப்பவோ விடமாட்டார்கள். புயல் போன்ற ஆபத்தில் சிக்கிய கப்பலுக்கு அடைக்கலம் உண்டு.

முதலில் சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று, 2011இலேயே. கையெழுத்து மட்டும் போதாது என்பதற்கும் அதுவே சாட்சி. ஆழ்கடல் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

எஸ்டிஎஸ்-50 என்ற கள்ள மீன்பிடிக் கப்பலின் கதை நம் வீட்டு வாசலில் முடிந்தது. கேட்பவருக்கு ஏற்பப் பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்ட கப்பல் அது. 2018இல் மொசாம்பிக்கின் மாப்புத்தோ துறைமுகத்தில் பிடிபட்டு, அங்கிருந்தும் தப்பி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து ஓடியது. இன்டர்போல் எச்சரிக்க, ஏப்ரலில் இந்தோனேசியக் கடற்படை ஆச்சே அருகே வே தீவுப் பக்கம் மடக்கியது. கிள்ளான் துறைமுகம் இருக்கும் அதே மலாக்கா நீரிணையின் வடக்கு வாய் அது. அது சிக்கியதில் மாப்புத்தோ துறைமுகச் சோதனைக்கும் பங்கு உண்டு.

2015இல் பெர்லோன் கப்பலை மலேசியாவே பிடித்தது. தென்துருவக் கடலின் விலையுயர்ந்த டூத்ஃபிஷைத் திருடிய கூட்டத்தில் அதுவும் ஒன்று. 'காட்' என்ற பெயரில் நம் ஊர் உணவகங்களில் பரிமாறப்படும் மீன்களில் அந்த வகையும் உண்டு.

மலேசியக் கடலில் அத்துமீறும் வெளிநாட்டு மீன்பிடிப் படகின் உரிமையாளருக்கோ தலைவனுக்கோ 60 லட்சம் வெள்ளி வரை, ஒவ்வொரு பணியாளருக்கும் 6 லட்சம் வெள்ளி வரை அபராதம். 1985 மீன்வளச் சட்டத்தை 2019இல் திருத்தி, பழைய தொகையை ஆறு மடங்காக்கினார்கள்.

ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. வேறு துறைமுகத்தில் ஏற்கெனவே இறக்கிய மீனைக் கொள்கலனில் ஏற்றி வரும் கப்பலுக்கு, சந்தேகத்துக்குத் தெளிவான காரணம் இல்லாதவரை, இந்த ஒப்பந்தம் பொருந்தாது. கிள்ளான் போன்ற கொள்கலன் துறைமுகத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல. முதலில் இறக்கிய துறைமுகம் அசந்துவிட்டால், கள்ள மீன் நல்ல மீனாகி நம் சந்தைக்கு வந்துவிடும்.

தூண்டில் போடப் பூலாவ் கெத்தாம் பக்கம் போகிறவர்களே, கடலில் சந்தேகமான படகைக் கண்டால் 999க்கு அழையுங்கள். தகவல் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குப் போகும்.