வீட்டுக்குப் பின்னால் ஒரு கார்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மோட்டார் ஹோம் பின்னாலேயே ஒரு சின்னக் கார் உருண்டு வருவதைப் பார்த்திருப்பீங்க. 30 அடி வண்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போக முடியுமா? அதற்குத்தான். நாங்களும் அப்படிக் கிளம்பினோம். கொக்கி மாட்டினால் போதும் என்பது என் நினைப்பு.

முதல் சிக்கல் எங்கள் காரிலேயே இருந்தது. நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் எஞ்சின் ஓடாது. ஆனால் கியர்பாக்ஸின் உள்பாகங்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பல ஆட்டோமேட்டிக் கார்களில் ஆயில் பம்பைச் சுற்றுவதே எஞ்சின்தான். ஆயில் ஏறாமல் நெடுந்தூரம் சுற்றினால் கியர்பாக்ஸ் காலி. நியூட்ரல்ல போட்டுட்டா சரியாப்போச்சுன்னு நினைக்காதீங்க, காரோடு வந்த கையேட்டைப் பாருங்க. எங்களுடையது 'கூடாது' என்றது. ஜீப் ராங்ளரில் டிரான்ஸ்பர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு. இந்த வேலைக்கு அதைப் பலர் தேடுவது அதனால்தான்.

எங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் கார். ஆகவே முன்சக்கரங்களைத் தூக்கி வைக்கும் டாலி வாங்கினோம். பெல்ட், சங்கிலி, பின்விளக்கு ஒயர் எல்லாம் சுலபம். பிரேக்தான் செலவு. பெரிய வண்டியின் பிரேக் போதாதா என்று பேரம் பேசிப் பார்த்தேன். மலை இறக்கத்தில் காரும் டாலியும் பின்னாலிருந்து தள்ளும்போது தெரியும், போதாது. கொக்கி விட்டுப்போனால் தானே பிடிக்கும் பிரேக்கும் வேண்டும்.

இன்னொன்று, ரிவர்ஸ் எடுக்க முடியாது. நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்க்கணும். பார்க்காமல் ஒரு கேஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, காரை இறக்கி, டாலியைக் கழற்றிக் கையால் தள்ளினேன். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கவில்லை; அவர்களும் மோட்டார் ஹோம்காரர்கள்.